மணி மண்டபமும் புளூடூத்தும்

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். அவரைப் பற்றித் தென்பாண்டி நாட்டில் வழங்கிவரும் செவிவழிச் செய்திகளுள் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரைச் சார்ந்தது. ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்தது என்று அறிந்த பின்னரே மன்னர் மதுரையில் உணவு கொள்வாராம். அச்செய்தி விரைவில் வந்து சேரும்பொருட்டு இரண்டு ஊர்களுக்கும் இடையே மணி மண்டபங்களைக் கட்டுவித்தாராம். கோயில் மணி ஒலித்ததும் முதல் மண்டபத்தில் இருப்பவன் தன் மணியை அடிப்பான். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்தான் அடிப்பான். இங்ஙனம் மண்டபத்துக்கு மண்டபம் தாவி ஒலி மதுரையை எட்டும். இதே கதையைத் திருச்செந்தூரையும் பாஞ்சாலங்குறிச்சியையும் இணைத்துக் கட்டபொம்மன் பெயராலும் சொல்வதுண்டு. ஆகவே இதனைக் கல்வெட்டுச் சான்றுபோல் கொள்ள வேண்டியதில்லை.

ஆயினும் அந்தக் கதைக்குள் உண்மையான பொறியியல் ஒன்று இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். எவ்வளவு பெரிய மணியானாலும் அதன் ஓசை அத்தனை தொலைவு செல்லாது. செல்லுமென்றே வைத்துக்கொண்டாலும், வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வீதம் ஓடும் ஒலிக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். மன்னர் அதற்குள் பசியால் வாடிவிடப் போவதில்லை. இடர்ப்பாடு வேகத்தில் இல்லை, வீச்சில்தான் இருந்தது. அதற்குப் பழங்காலத்தார் கண்ட வழி, ஒரு பெருமணியை வார்ப்பதன்று. சிறு மணிகளை வரிசையாகத் தொடுப்பது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மணியோசை மன்னருக்காக எழுந்தது. ஆனால் வழியில் ஏர் உழுதவனும் கேட்டான், மாடு மேய்த்த சிறுவனும் கேட்டான். காற்றில் விடுத்த செய்தியைக் கேளாதே என்று யாரையும் தடுக்க இயலாது.

இன்று அதே சாலையில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நோக்கி ஒரு கார் வருகிறது என்று கொள்வோம். இடைவழி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். ஓட்டுபவரின் சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறது. ஓர் அழைப்பு வருகிறது. அவர் கைப்பேசியைத் தொடவில்லை. காரின் ஒலிபெருக்கியில் அழைத்தவர் குரல் கேட்கிறது, காரின் ஒலிவாங்கி இவர் குரலை வாங்கிக்கொள்கிறது. அந்தக் குரல் இரண்டு பயணங்களைச் செய்திருக்கிறது. கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வந்தது ஒன்று. அது நாயக்கர் மணி மண்டப முறையே. சாலையோரம் நெடுக நிற்கும் கோபுரங்கள் காரை ஒன்றிடமிருந்து ஒன்று கைமாற்றிக்கொண்டே வருகின்றன. சட்டைப் பையிலிருந்து காருக்குச் சென்றது மற்றொன்று. அதன் நீளம் இரண்டு முழம். அந்த இரண்டு முழத்தைக் கடக்கும் வித்தைக்குத்தான் புளூடூத் என்று பெயர்.

கண்டம் விட்டுக் கண்டம் பேசக் கற்றுக்கொண்ட மனிதன் இரண்டு முழத் தொலைவுக்குத் தனியாக ஒரு வித்தையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ஏன்? அதுவும் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு வரை காத்திருந்து? மாணவர்கள் இக்கேள்வியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கம்பியில்லாச் செய்தியின் வரலாறு நம் நாட்டைப் பொறுத்தவரை அண்மைத் தொலைவில்தான் தொடங்கிற்று. 1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் பலர் முன்னிலையில் ஒரு சோதனையைச் செய்து காட்டினார். அவர் எழுப்பிய மின்காந்த அலை சுவர்களை ஊடுருவிச் சென்று, 75 அடிக்கு அப்பால் இருந்த ஒரு மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் கொளுத்தியது. மண்டபத்தில் மணியடிக்க ஆள் தேவைப்படாத முதல் நாள் என்று அதனைச் சொல்லலாம். போஸ் கையாண்டவை மிகக் குறுகிய அலைகள். மில்லிமீட்டர் கணக்கில் அளக்கத் தக்கவை. ஆனால் உலகம் அன்று நெடுந்தொலைவின்மீது காதல் கொண்டிருந்தது. 1901 டிசம்பரில் மார்க்கோனி இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூபவுண்ட்லாந்துக்குச் செய்தி அனுப்பினார் என்றதும், எவ்வளவு தொலைவு என்பதே எல்லாரும் கேட்ட கேள்வியாயிற்று. குறுகிய அலைகளும் குறுகிய தொலைவும் ஆய்வுக்கூடத்து மேசையிலேயே பல்லாண்டு கிடந்தன.

நெடுந்தொலைவு என்று வந்துவிட்டால் அதனோடு அரசும் வந்துவிடும். ஒருவர் உரத்துப் பேசினால் மற்றவர் பேச்சு அமுங்கிப்போகும். ஆகவே யார் பேசலாம், எந்த அலைவரிசையில் பேசலாம் என்று வகுத்துக் கொடுப்பதற்கு ஒருவர் வேண்டும். இந்தியாவில் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1933இல் கம்பியில்லாத் தந்திக்கென்றே தனிச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்பது அதன் சாரம். பேசும் கருவிக்கு மட்டுமல்லாமல் கேட்கும் கருவிக்கும் அந்த விதி பொருந்திற்று. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்றதைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். 1980களில்தான் அந்த உரிமம் முற்றிலும் நீங்கிற்று. நாயக்கர் காலத்தில் சாலையோரத்து மாட்டுக்காரச் சிறுவன் கட்டணமின்றிக் கேட்டதற்கு, நவீன காலத்தில் சீட்டு வேண்டியிருந்தது!

காருக்குள் வானொலி பரவத் தொடங்கியது 1930இல். அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் காரில் பொருத்தும் வானொலிப் பெட்டியை அவ்வாண்டு விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு மோட்டரோலா என்று பெயரிட்டது. அது கேட்கும் பெட்டி மட்டுமே. நெடுங்காலம் பெரும்பாலான கார்கள் வாய் பேசாமல் காது மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தன. இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குச் சென்றது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். போஸ் மணியடித்த ஆண்டுக்குச் சரியாக நூறாம் ஆண்டு, அதே நகரம். இது தற்செயல்தான், ஆனாலும் இனிய தற்செயல்.

செல்பேசி வந்த பின்னர் ஒரு புதிய தேவை தோன்றிற்று. பேசுவதற்குக் கை வேண்டியிருந்தது. கையோ வேறு வேலைகளுக்கும் வேண்டியிருந்தது. செல்பேசியையும் காதணிக் கருவியையும் கம்பியால் இணைத்தால் கம்பி சிக்கிக்கொண்டது. சுவீடன் நாட்டின் லுண்டு நகரில் எரிக்சன் நிறுவனத்தார் 1994இல் இதற்கு மாற்று தேடத் தொடங்கினார்கள். யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளரும் சுவென் மாட்டிசன் என்ற சுவீடன் பொறியாளரும் அப்பணியில் தலைநின்றவர்கள். அவர்கள் முன் நின்ற முதல் கேள்வி, எந்த அலைவரிசையில் பேசுவது என்பது. கோடிக்கணக்கில் விற்கப்போகும் ஒரு சிறு கருவிக்கு ஒவ்வொருவரும் உரிமம் வாங்க இயலாது. உரிமம் வேண்டாத இடம் ஏதேனும் வானில் உண்டா?

இருந்தது. அது யாரும் விரும்பாத புறம்போக்கு நிலம். 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டு மாநாடு, செய்தி அனுப்பாமல் வெப்பமூட்டுதல் முதலியவற்றுக்காக அலைகளை எழுப்பும் தொழிற்கருவிகளுக்கென்று சில வரிசைகளை ஒதுக்கிற்று. அவற்றுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. நுண்ணலை அடுப்பு வேலை செய்வது அங்கேதான். அடுப்புகளின் இரைச்சல் நிறைந்த இடத்தில் செய்தி அனுப்ப யார் முன்வருவார்கள்? 1985இல் அமெரிக்க அரசு ஒரு துணிச்சலான முடிவு செய்தது. அலையை ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி அனுப்புவதானால், குறைந்த திறனில், இப்புறம்போக்கு வரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்றது. புளூடூத்தும் வைஃபையும் குடியேறியது இந்நிலத்தில்தான். பயிருக்கு உதவாதென்று விட்ட பொட்டலில் ஊரே எழுந்ததுபோல் ஆயிற்று.

இந்திய அரசு 2005 ஜனவரியில் இதற்கு வழி திறந்தது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசையில் குறைந்த திறனுடைய கருவிகளுக்கு உரிம விலக்கு அளித்து விதிகள் வெளியாயின. இந்த ஆணையைப் பற்றி நம் பாடநூல்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை. ஆனால் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கில் பார்த்தால் இது பெரிய மாற்றம். ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் கைப்பேசியில் ஒரு புள்ளியைத் தொட்டுத் தம் காதணிக் கருவியை இணைக்கும்போது, அவர் ஒரு வானொலி நிலையத்தை நடத்துகிறார். அதற்காக அவர் எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்கவில்லை. 1885, 1933 ஆகிய இரு சட்டங்களின் இடத்துக்கென 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1997இல் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக், பத்தாம் நூற்றாண்டு டென்மார்க்கின் அரசன் ஹெரால்டின் பட்டப்பெயரை இத்திட்டத்துக்குத் தற்காலிகமாகச் சூட்டினார். பிரிந்து கிடந்த மக்களை அவன் ஒன்றுசேர்த்ததுபோல் பிரிந்து கிடக்கும் கருவிகளை இது சேர்க்கும் என்பது கருத்து. பட்டப்பெயரின் பொருள் நீலப்பல். அழகான வேறு பெயர் பின்னர் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. கைப்பேசித் திரையில் காணும் சின்னம், அவ்வரசன் பெயரின் இரு முதலெழுத்துகளைப் பழைய ரூன் எழுத்தில் பின்னியது. 1998இல் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா என்னும் ஐந்து நிறுவனங்கள் கூடி அமைப்பு ஒன்றை நிறுவின. 1999இல் முதல் வரையறை வெளியாயிற்று. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அது கார்களுக்குள்ளும் புகுந்தது.

இனி, அந்த இரைச்சல் மிகுந்த புறம்போக்கில் இது எவ்வாறு பிழைக்கிறது என்று பார்ப்போம். ஆடிப்பூரத் தேர் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் சாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பேசி தன் காருடன் பேசுகிறது. எல்லாம் ஒரே வரிசையில். ஒருவர் பேச்சு மற்றொருவர் காரில் ஏன் ஒலிப்பதில்லை?

திறன் குறைவு என்பது ஒரு விடை. கைப்பேசியின் புளூடூத் அலை பொதுவாக 2.5 மில்லிவாட் அளவினது; ஐந்து வாட் இரவு விளக்கின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பத்து மீட்டர் செல்வதற்குள் களைத்துவிடும். நெடுந்தொலைவின்மேல் காதல் கொண்டிருந்த காலத்தில் இது குறையாகத் தோன்றியிருக்கும். ஆனால் கை சிறிதாக இருப்பதனால்தான் பக்கத்து வீட்டுக் கதவை அது தட்டுவதில்லை. ஒரே வானத்தை ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, வண்டிக்கு வண்டி திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது.

ஆயினும் தேர்க் கூட்டத்தில் பத்து மீட்டருக்குள்ளேயே பல வண்டிகள் நிற்குமே! அங்கே உதவுவது இரண்டாவது வித்தை. புளூடூத் தன் வரிசையை 79 தடங்களாகப் பகுத்துக்கொள்கிறது. எந்தத் தடத்திலும் நிலைத்து நிற்பதில்லை. வினாடிக்கு 1,600 முறை வரை தடம் விட்டுத் தடம் தாவுகிறது. நம் பெண்கள் ஆடும் கோலாட்டத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாட்டின் அடிக்கு ஏற்ப ஒவ்வோர் இணையும் இடம் மாறுகிறது. ஒரே முற்றத்தில் பல இணைகள் ஆடினாலும் கோல் கோலோடு சேர்கிறது, வேறொருத்தியின் தலையில் படுவதில்லை. அடுத்த அடி எங்கே என்று இருவருக்கும் தெரியும். புளூடூத்தில் இரு கருவிகளுள் ஒன்று தலைமை ஏற்கிறது, அதன் கடிகாரமும் அடையாள எண்ணும் தாவும் வரிசையைத் தீர்மானிக்கின்றன, மற்றது பின்பற்றுகிறது. வெளியில் நிற்பவனுக்குத் துண்டு துண்டான இரைச்சலே கேட்கும். ஏதேனும் ஒரு தடத்தில் வேறோர் இணையுடன் மோதினாலும் இழப்பு வினாடியின் சிறு கூறுதான். 2003இல் வந்த திருத்தம், வைஃபை முதலியவை அடைத்துக்கொண்ட தடங்களை அறிந்து விலகிச் செல்லவும் கற்றுக்கொடுத்தது.

தாவும் கருத்து புதிதன்று. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942 ஆகஸ்டில், ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரும் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார்கள். நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்தும் அலையைப் பகைவர் குலைக்காதபடி, பியானோ இசைக்கும் துளைச்சுருள் போன்ற ஒன்றைக் கொண்டு 88 அலைவரிசைகளில் அதனை மாற்றி மாற்றி அனுப்பலாம் என்பது அவர்கள் திட்டம். போரின்போது கடற்படை அதனை ஏற்கவில்லை. புளூடூத்தை அந்நடிகையே கண்டுபிடித்தார் என்று இக்காலத்தில் சிலர் எழுதுவது மிகை. பகைவர் காதுக்குத் தப்புவதற்கு எழுந்த எண்ணம் அண்டை வீட்டாரோடு ஒத்து வாழ்வதற்கும் பயன்பட்டது என்பதே பொருத்தம்.

கூட ஆட வேண்டியவர் யார் என்று முதலில் தெரிந்தாக வேண்டுமே! அந்த அறிமுகத்தைத்தான் ஆங்கிலத்தில் பேரிங் என்கிறார்கள். இணை சேர்த்தல் எனலாம். கார் எப்போதும் தன்னை வெளிக்காட்டிக்கொண்டிருப்பதில்லை. ஓட்டுபவர் அதன் திரையில் புதிய கருவியைச் சேர்க்கும்படி ஆணையிட்டால், சிறிது நேரம் தன் பெயரைக் கூறிக்கொண்டு நிற்கும். அந்நேரத்தில் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் புளூடூத்தைத் திறந்தால் அருகிலுள்ள பெயர்களின் பட்டியல் தோன்றும். அதில் நம் காரைத் தொட வேண்டும். தொடக்க காலத்தில் நான்கு சுழியங்கள் போன்ற எளிய எண் ஒன்றை இருபுறமும் கொடுத்தார்கள். அது பூட்டைப் போட்டுச் சாவியை நிலைப்படியில் வைப்பது போன்றது. 2007இல் முறை மாறிற்று. இப்போது இரு கருவிகளும் வெட்டவெளியில் சில எண்களைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றைக் கேட்டவன் கண்டறிய முடியாத ஓர் இரகசியச் சாவி இரண்டிடத்தும் உருவாகிறது. சந்தை நடுவே உரக்கப் பேசியபடியே இருவர் தமக்குள் ஓர் இரகசியத்தை அமைத்துக்கொள்ள முடியும் என்பதை 1976இல் டிஃபி, ஹெல்மேன் என்னும் இருவர் கணித வாயிலாகக் காட்டியிருந்தார்கள். அதன் வழிவந்த முறை இது.

ஒரே ஓர் ஐயம் எஞ்சும். இடையில் மூன்றாமவன் புகுந்து, காரிடம் கைப்பேசியாகவும் கைப்பேசியிடம் காராகவும் நடித்தால்? அதற்காகத்தான் இரு திரைகளிலும் ஆறு இலக்க எண் தோன்றுகிறது. இடையில் எவனும் இல்லையென்றால் இரண்டும் ஒன்றாக இருக்கும். அந்த எண்ணைப் பாராமலே சம்மதம் என்று அழுத்துவோர் பலர். முகவரியைப் பாராமல் கடிதத்தைக் கொடுப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. சாவி அமைந்தபின் இரண்டும் அதனைச் சேமித்துக்கொள்ளும். மறுநாள் காரைக் கிளப்பியதும் கேளாமலே இணையும். சில நாள் அறிமுகமானவர்போல் பெயரைக் காட்டியும் இணைய மறுப்பதுண்டு. ஒரு பக்கத்தில் சாவி அழிந்து மறுபக்கத்தில் பழைய சாவி இருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். இரண்டு பட்டியலிலிருந்தும் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணை சேர்ப்பதே மருந்து. பேச்சு கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை என்பது வேறு வகை முறையீடு. பேச்சுக்கும் இசைக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் தனித்தனி ஒப்பந்தங்கள் உண்டு. ஒன்றுக்கு இசைந்து ஒன்றை விட்டிருந்தால் அவ்வாறு நேரும்.

இவ்வளவு நுட்பமும் சேர்ந்து ஓட்டுபவரின் கையை விடுவித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தம், வண்டியோட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்தது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, வழி காட்டுவதற்கு மட்டும், கவனம் கலையாதவாறு, அதற்கு இடம் தந்தது. சட்டம் கையைக் கண்டது. மனத்தை அளந்தவர்கள் வேறு சிலர். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்பவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கூடத்தில் வண்டியோட்டுவதுபோல் அமைத்து, தொலைபேசியில் பேசுவோரின் கவனத்தைச் சோதித்தார்கள். பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் தவறவிட்ட சைகை விளக்குகள் இருமடங்காயின. கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. வானொலி கேட்டபடி ஓட்டியவர்களிடமோ அக்குறை தோன்றவில்லை. வானொலியில் பேசுவோர் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வானொலிக்கு யாரும் மறுமொழி சொல்ல வேண்டியதில்லை என்பதே அதன் காரணமாகலாம். மறுமொழியை எண்ணும் மனம், கண் திறந்திருந்தும், எதிரே வரும் மாட்டு வண்டியைக் காண்பதில்லை.

இறுதியாக ஒரு செய்தி. இணை சேர்ந்த கார், இசைவு கொடுத்திருந்தால், கைப்பேசியிலுள்ள பெயர்களையும் எண்களையும் படியெடுத்துக்கொள்ளும். வண்டியை விற்கும்போது உரிமைச் சான்றையும் காப்பீட்டுத் தாளையும் கவனமாக மாற்றித் தருகிறோம். உறவினர், ஆசிரியர், மருத்துவர், கடன் கொடுத்தவர் ஆகியோரின் பட்டியல் காருக்குள்ளேயே கிடக்கிறது. புதிய உடையவர் ஓட்டிச் செல்கிறார். விற்பதற்கு முன் காரின் திரையில் நம் கைப்பேசியின் பெயரைத் தேடி, அதனை நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்கும் ஆணையையும் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான்.